எலும்பு குந்திய சத்தம்

என் இடது முழங்காலுக்குள் இருக்க வேண்டிய ஒரு நார் இல்லை. வெளியே பார்த்தால் தெரியாது. கடைக்குப் போவேன், தண்ணீர் எடுப்பேன், வீட்டு வளவு கூட்டுவேன். திரும்பும்போதுதான் தெரியும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டேன். நின்று, காலைச் சிறிது சிறிதாக எடுத்து வைத்து, பெரிய வள்ளத்தைக் கரையில் திருப்புவதுபோல முழு உடம்பையும் திருப்புவேன். தெரியாதவர்கள் எனக்குப் பெருமை என்று நினைப்பார்கள். எனக்குப் பெருமை கிடையாது. கூச்சம் உண்டு. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். கூடப் பிறந்த குணம் அது.

அந்த நார் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். யாரால் போனது என்றும் தெரியும். அந்த ஆள் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில்தான் இருக்கிறார். நடுவில் ஒரு தகர வேலி. என் கணவருக்கு அவர் மூத்த சகோதரி, எனக்கு மதினி. அவர் கிணற்றில் வாளி விடுவது, கோழியை விரட்டுவது, பேரப்பிள்ளையை ஏசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். நான் பேசுவது மட்டும் அவருக்குக் கேட்டதில்லை, அண்மைக்காலம் வரைக்கும்.

அவரிடமிருந்து எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. தான் என்ன செய்தார் என்பதை அவர் வாயாலேயே, நாலு பெண்கள் கேட்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மன்னிப்பு வேண்டாம். அவர் கேட்டால் நான் கொடுக்க வேண்டி வரும்.

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையில், களப்பு ஒரு பக்கமும் கடல் ஒரு பக்கமுமாக இருக்கும் நிலத்தில் எங்கள் ஊர். ஆண்கள் கடலுக்குப் போவார்கள் அல்லது வெங்காயத் தோட்டத்துக்குப் போவார்கள். பெண்களில் பலபேர் வாடிக்குப் போவோம். வாடி என்றால் கடற்கரையில் மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, காயவைக்கும் கொட்டில். அங்கே வேலை முழுவதும் குந்தியிருந்துதான். குந்தியிருந்து மீன் பிளக்க வேண்டும், குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து கருவாட்டைப் புரட்ட வேண்டும். முழங்கால் இல்லாத பெண்ணுக்கு வாடியில் இடமில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தலை முன்னால் வராமல் கால் முன்னால் வந்து பிறந்தவர்களுக்கு, பிடிப்பையும் சுளுக்கையும் எடுக்கும் சக்தி காலிலேயே இருக்கிறது என்று சொல்வார்கள். இடுப்புப் பிடித்தால், கழுத்துப் பிடித்தால், கணுக்கால் புரண்டால் அவர்களைக் கூட்டி வந்து மிதிக்கச் சொல்வார்கள். சரியாகச் செய்கிறவர்கள் மிதிப்பதில்லை; காலால் லேசாகத் தடவி விடுவார்கள். அதில் ஒரு கெடுதியும் இல்லை. பிடிப்பு எப்படியும் சில நாளில் தானாக விட்டுவிடும், பெயர் காலுக்குப் போகும்.

மதினி காலால் பிறந்தவர். ஊர் முழுக்கத் தெரிந்த கால் அது. அவர் தடவுகிற ஆள் இல்லை. மிதிப்பார். மிதிக்கக் கூப்பிட்டால் காலை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நல்ல சாரி கட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது கையில் வெற்றிலை, பழம், சில வேளை ஒரு கோழி. அவர் நடந்து போனால் பெண்கள் காலைப் பார்ப்பார்கள். அதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது செருப்புப் போடும் விதத்திலேயே தெரியும்.

நானும் காலால்தான் பிறந்தேன்.

அது என் உம்மாவுக்கும், எனக்கு மூத்தவரான ராத்தாவுக்கும், பிரசவம் பார்த்த மருத்துவிச்சிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். உம்மா மறைத்துவிட்டார். பெண்பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் வந்தால் கண்ட கண்ட வீட்டுக்கெல்லாம் கூப்பிடுவார்கள், முதுகு பிடித்த கிழவர்களையெல்லாம் மிதிக்கச் சொல்வார்கள், இந்தக் கூச்சக்காரி என்ன செய்வாள் என்று நினைத்திருப்பார். கல்யாணம் பேசி வந்தபோதும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் சகோதரிக்கும் அதே பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும், ஒரு குடும்பத்துக்கு ஒரு கால் போதும் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அதன்பிறகு நானும் மறந்தேவிட்டேன்.

முழங்கால் முதலில் நொந்தது வாடியில். நானும் இன்னொரு பெண்ணும் கழுவிய மீன் நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கருவாடு காயும் தட்டிப் பக்கம் போனோம். என் இடது கால் ஈர மணலில் புதைந்து நின்றுவிட்டது. அவள் பெட்டியோடு வலப்பக்கம் திரும்பினாள். என் உடம்பும் பெட்டியோடு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலின் உட்பக்கம் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்பினேன். நடக்க முடிந்தது. நொண்டி நொண்டித்தான் என்றாலும், யார் தோளையும் பிடிக்காமல் நானே நடந்து வீட்டுக்கு வந்தேன். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நான் நடந்து வந்தேன்.

என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். த்ரீவீல் பிடிக்க அவர் வெளியே போவதற்குள் மதினி வந்துவிட்டார், பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள், பிறகு கால் சூம்பிப் போகும் என்று மதினி சொன்னார். எலும்பு கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, ஒரு மிதியில் வந்து குந்திவிடும் என்றார். கணவர் போட்ட செருப்பைத் திரும்பக் கழற்றினார். சிறு வயதில் உம்மாவை இழந்தவர். சோறு ஊட்டி வளர்த்தது இந்தச் சகோதரிதான். அவர் முன்னால் இவருக்கு என்றைக்கும் வாய் வராது. எனக்கோ யார் முன்னாலும் வராது. வாய் இல்லாத இரண்டு பேர் சேர்ந்து என் காலை அவருக்குக் கொடுத்தோம்.

பாயில் படுக்க வைத்தார்கள். குதிகாலுக்குக் கீழே தலையணையை மடித்து வைக்கச் சொன்னார் மதினி. இப்போது முழங்கால் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றது. இரண்டு பெண்கள் என் தோளை அழுத்திக்கொண்டார்கள். மதினி காலில் எண்ணெய் தடவி, பிஸ்மில்லாஹ் சொல்லி, மேலிருந்து மிதித்தார்.

சத்தம் கேட்டது. காய்ந்த பனை மட்டையை உடைத்தால் வரும் சத்தம் அல்ல. ஈரமான, தடித்த சத்தம். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கிறது. நான் கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. மதினி ஒரு கணம் அப்படியே நின்றார். கால் என் முழங்காலிலேயே இருந்தது. பிறகு காலை எடுத்து, சாரியைச் சரிசெய்து, எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"கேட்டீங்கதானே. எலும்பு வந்து குந்திட்டு."

பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள். அந்த ஒரு கணம், அவர் காலை எடுக்காமல் நின்ற அந்த ஒரு கணம், எனக்கு மறக்கவேயில்லை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் முழங்கால் தேங்காயளவு வீங்கியது. பல நாள் எழும்பவே முடியவில்லை. எழும்பிய பிறகு கால் என்னுடையது போல் இல்லை. நேராக நடந்தால் தாங்கும். திரும்பினால் உள்ளே ஏதோ சறுக்கும், கீழ்க்கால் ஒரு பக்கமும் தொடை ஒரு பக்கமும் போகும், விழுவேன். குந்த முடியவில்லை. வாடி வேலை போனது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க முழங்கால் மடங்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து தொழத் தொடங்கினேன். அப்போது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ரமழானில் எங்கள் ஊர்ப் பெண்கள் மத்ரஸா மண்டபத்தில் முற்பகலில் கூடித் தஸ்பீஹ் தொழுகை தொழுவார்கள். நீண்ட தொழுகை. நெற்றியைத் தரையில் வைத்து நெடுநேரம் இருக்க வேண்டும். எல்லாரும் தரையில் இருக்க, கடைசி வரிசையில் நான் மட்டும் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். முதல் வருஷமே மதினி திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"எங்கட வீட்டுக்கு ஒரு மகாராணி வந்திரிக்கி. கதிரை போட்டாத்தான் தொழுவா."

சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு அல்ல, தொழுகைக்கு முன்னால் பெண்கள் சிரிக்கும் சாதாரணச் சிரிப்பு. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில், மையித்து விழுந்த வீட்டில், எங்கே போனாலும், மகாராணிக்கு ஒரு கதிரை கொண்டுவாங்க என்று ஒரு குரல் வரும். தான் எலும்பைச் சரியாகக் குந்த வைத்ததாகவும், வாடி வேலைக்குப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் நான் நொண்டுவதாகவும் மதினி சொல்லித் திரிந்தது எனக்குக் கேட்டது. நம்பிக்கை இல்லாத உடம்பில் கால் வேலை செய்யாது என்று இன்னொரு விளக்கமும் வைத்திருந்தார். இரண்டில் எது வசதியோ அதைச் சொல்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போனது வெகுகாலம் கழித்து. என் ராத்தா புத்தளத்தில், தில்லையடியில் இருக்கிறார். அங்கே தங்கப் போனபோது, அவர் வீட்டு வாசலில் நான் விழுந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். படம் எடுத்தார்கள், பிறகு வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். டொக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, லிகமென்ட் போய்விட்டது என்றார். எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார். சிங்களப் பிள்ளை. தமிழ் கொஞ்சம் தெரியும், எனக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும். இரண்டையும் கலந்து கதைத்தோம். மேசையில் ஒரு பிளாஸ்டிக் முழங்கால் வைத்திருந்தாள்.

எலும்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதில்லை என்று அவள் காட்டினாள். தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கோப்பைமேல் கோப்பை வைத்ததைவிட மோசம். இரண்டையும் கட்டி வைத்திருப்பது நார்கள். எலும்பிலிருந்து எலும்புக்குப் போகும் நார், அதுதான் லிகமென்ட். தசையை எலும்போடு கட்டுகிற நார் வேறு. முழங்காலில் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று இருக்கிறது, கால் பக்கவாட்டில் கோணாமல் இருக்க. உள்ளே நடுவில் இரண்டு நார் ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாகப் போகிறது, கீழ் எலும்பு முன்னாலும் பின்னாலும் வழுக்காமல் இருக்க. முழங்கால் முன்பக்கம் மடங்காமல் நேராக வந்து நிற்கிறதே, அந்த இடத்தில் அதை நிறுத்துவதும் இந்த நார்கள்தான்.

ரப்பர்போல் நீளாது என்றாள். கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் இழுத்தால் கிழியும். அதில் இரத்த ஓட்டம் குறைவு, அதனால்தான் வெள்ளையாக இருக்கிறது, அதனால்தான் ஆறுவதும் மெல்ல. பக்கத்து நார் அரைகுறையாகக் கிழிந்தால் பட்டி கட்டி அசையாமல் வைத்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் உள்ளது முழுதாக அறுந்தால் அநேகமாகத் தானாக ஒட்டாது. அத்தோடு, கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் செய்தி சொல்வதும் அந்த நார்தான் என்றாள். இருட்டில் நடக்கும்போது என் கால் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போவது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

எனக்குப் போயிருந்தது நடுவில் முன்பக்கமாகப் போகும் நார். உட்பக்க நாரில் பழைய காயம் ஆறிய அடையாளம் இருந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் சவ்வும் பிறகு பிறகு நசிந்து கிழிந்திருந்தது. முழங்கால் மடங்காததற்கு அதுதான் காரணம்.

நான் டொக்டரிடம் திரும்பிப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆணிடம் நானாகக் கேள்வி கேட்டேன். மணலில் திரும்பியதில் அறுந்ததா, மிதித்ததில் அறுந்ததா? அவர் நல்ல மனிதர். திரும்பியதிலும் அறுந்திருக்கலாம், இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றார். குதிகாலை உயர்த்தி வைத்து முழங்காலை மேலிருந்து மிதித்தார்கள் என்றதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டதா, எப்போது கேட்டது என்று கேட்டார்.

சொன்னேன். அவர் பேனையை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒப்பரேஷன் செய்யலாம், கொழும்புக்குப் போக வேண்டும் என்றார்கள். போகவில்லை. பயமும் இருந்தது, காலமும் கடந்திருந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு மதினியை நான் பார்க்கும் பார்வை மாறியது. அதுவரை எனக்குக் கோபம் இருந்தது. கோபத்துக்கு உருவம் இல்லை. இப்போது உருவம் கிடைத்துவிட்டது. வெள்ளையாக, விரல் தடிப்பில், குறுக்காகப் போகும் உருவம்.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் பங்கு வந்தது. மதினி வீட்டுக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வெட்டினோம். ஆட்டின் பின்கால் எனக்கு வந்தது. முழங்கால் மூட்டைச் சுற்றி இறைச்சியை வழித்து எடுத்தேன். உள்ளே அப்படியே இருந்தது, அந்தப் பிள்ளை காட்டியதுபோலவே. பக்கத்துக்கு ஒன்று, உள்ளே குறுக்காக இரண்டு. விரலால் தட்டிப் பார்த்தேன், இறுக்கிக் கட்டிய நைலோன் கயிறுபோல நின்றது. பக்கத்து நார்களை வெட்டினேன். மூட்டு பக்கவாட்டில் ஆடியது, கழன்று வரவில்லை. பிறகு கத்தி முனையை உள்ளே விட்டுக் குறுக்கு நார் ஒன்றை அறுத்தேன். எலும்பு என் கையில் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

எதிரில் மதினி பலகையில் உட்கார்ந்து ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு முழங்காலையும் நன்றாக மடித்து, பாரம் முழுவதையும் அதில் வைத்து. நான் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன புள்ள அப்படிப் பார்க்கிறாய், ஒரு காலை வெட்ட இவ்வளவு நேரமா என்று கேட்டார். பார்த்து வெட்ட வேண்டியிருக்கிறது மதினி என்றேன். அந்தப் பெருநாள் சோறு எனக்கு நன்றாக இறங்கியது.

கடந்த வருஷம் அவர் விழுந்தார்.

அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். பாசி பிடித்த சீமெந்தில் கால் வழுக்கி, ஒரு கால் வாய்க்காலுக்குள் சிக்க, உடம்பு மற்றப் பக்கம் திரும்பி விழுந்திருக்கிறார். அவர் கத்தியது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான் போனபோது பெண்கள் அவரை நடக்க வைத்து உள்ளே கூட்டிப் போய்ப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். வலது முழங்கால், உட்பக்கம். அவர் கையால் தொட்டுக் காட்டிய இடத்தைப் பார்த்ததும் என் இடது முழங்காலில் அதே இடம் ஒரு தரம் சுண்டி இழுத்தது.

மதினியின் காலை யார் மிதிப்பது என்று கதை வந்தது. தன் காலைத் தானே மிதிக்க முடியாதே என்று ஒரு பெண் பகிடி விட்டாள். மதுரங்குளியில் காலால் பிறந்த ஒருவர் இருந்தார், அவர் மௌத்தாகிவிட்டார் என்றாள் இன்னொருத்தி. ஊரில் வேறு யாருமில்லை என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள். மதினி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். முகத்தில் நோவு இருந்தது, ஆனால் ஆள் இல்லை என்பதில் ஒரு ஆறுதலும் இருந்ததாக எனக்குப் பட்டது. அந்த ஆறுதலைப் பார்த்ததும் என் வாய் திறந்தது.

"நானும் காலாலதான் பொறந்த."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்னதைவிட, நான் பேசியதுதான் அவர்களுக்குப் புதினம். யாரும் நம்பவில்லை. என் ராத்தாவுக்குப் போன் கோல் எடுத்து எல்லாருக்கும் கேட்கப் போட்டேன். ராத்தாவுக்குப் போனில் மெதுவாகக் கதைக்கத் தெரியாது.

"ஓம், காலாலதான் பொறந்தா. ரெண்டு காலும் வெளிய வந்து நிக்கிது, இவ வர மாட்டேங்கிறா. அப்பவே வெக்கம். மனிசரைப் பாக்க வெக்கப்பட்டு முகத்தைக் கடைசியாத்தான் காட்டின. இப்ப என்னத்துக்குக் கேக்கிற?"

பெண்கள் சிரித்தார்கள். மதினி கண்ணைத் திறந்தார்.

எனக்காக இடம் விட்டார்கள். மதினியின் குதிகாலுக்குக் கீழே தலையணையை மடித்து வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். முழங்கால் அந்தரத்தில் நின்றது. என் வலது காலால்தான் மிதிக்க வேண்டும். அப்படியென்றால் என் முழு உடம்பும் நார் இல்லாத இடது காலில் நிற்க வேண்டும். ஒரு கதிரை கேட்டேன், பிடித்துக்கொள்ள. மகாராணிக்குக் கதிரை என்று வழக்கமான குரல் வந்தது. கொண்டுவந்து வைத்தார்கள். இடது கையால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி மதினியின் முழங்கால்மேல் வைத்தேன்.

சூடாக இருந்தது. வீக்கத்துக்குக் கீழே எலும்பு தெரிந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது, எப்படிக் குறுக்காகப் போகிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் என் பாதத்துக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. பெண்கள் நபியின் மேல் சலவாத்துச் சொன்னார்கள். இரண்டு பேர் மதினியின் தோளை அழுத்திக்கொண்டார்கள்.

"மிதிக்கட்டா மதினி?"

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம் புள்ள. காலை எடு."

ஒரு மிதியில் எலும்பு வந்து குந்திவிடும், பயப்பட வேண்டாம் என்று பெண்கள் அவரைத் தேற்றினார்கள். அவருடைய சொற்களையே அவருக்குக் கொடுத்தார்கள். நான் பாரத்தைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், காலில் இறக்கினேன். அவர் கை என் கணுக்காலைப் பிடித்தது.

"மிதிச்சா அறுந்திரும்" என்றார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

சலவாத்து நின்றுவிட்டது. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் காலை எடுக்கவில்லை.

"என்ட காலை மிதிச்ச அண்டைக்குத் தெரியுமா மதினி?"

"மிதிக்கிற நேரம் தெரியா." அவர் மூச்சு வாங்கினார். "சத்தம் கேட்ட பொறகு தெரியும்."

அது வந்துவிட்டது. அவர் காலை எடுக்காமல் நின்ற அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் வந்து போனது என்னவென்று தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் சாரியைச் சரிசெய்தார். தெரிந்துகொண்டுதான் எலும்பு குந்திவிட்டது என்றார். தெரிந்துகொண்டுதான் எனக்கு மகாராணி என்று பெயர் வைத்தார்.

இனி உண்மையைச் சொல்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது என்று நான் காலை எடுக்கவில்லை. கேட்ட பிறகுதான் மிதிக்க ஆசை வந்தது. அதுவரை பயமுறுத்தத்தான் நினைத்திருந்தேன். இப்போது அந்தச் சத்தத்தை அவர் காலிலிருந்து கேட்க வேண்டும்போல் இருந்தது. பாரத்தை வலது காலுக்கு மாற்ற உடம்பைத் திருப்பத் தொடங்கினேன். அப்போது என் இடது முழங்கால் உள்ளே சறுக்கியது. நார் இல்லாத கால், திரும்பினால் தாங்காது என்பது எனக்கு மறந்துபோயிற்று. கதிரையோடு சேர்ந்து சாய்ந்தேன். யாரோ பிடித்துக்கொண்டார்கள். என் கால் மதினியின் முழங்காலை விட்டுத் தரைக்கு வந்தது.

அவர் அறுத்த நார் அவரைக் காப்பாற்றிவிட்டது. பெண்கள் பிறகு, நான் இரக்கப்பட்டுக் காலை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுத்துச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது அவர்களுக்கு வசதி.

மதினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உட்பக்க நார் பாதி கிழிந்திருந்தது. பட்டி கட்டி, அசைக்காமல் வைத்து, பிறகு மெல்ல மெல்லப் பயிற்சி கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் குந்துகிறார், கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறார், நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுகிறார். யாரும் மிதிக்காத முழங்கால் ஆறிவிடும் என்பதற்கு அவரே அத்தாட்சி. என் முழங்காலும் அப்படி ஆறியிருக்கும். இந்த ரமழானில் தஸ்பீஹ் தொழுகையில் நான் கடைசி வரிசையில் கதிரையில் இருந்தேன், அவர் எனக்கு முன்னால் தரையில் குனிந்து நெடுநேரம் கிடந்தார். அவருடைய இரண்டு பாதமும் என்னைப் பார்த்தபடி இருந்தன. அந்தத் தொழுகையில் நான் என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது. மகாராணி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவரை இப்போது மிதிக்கக் கூப்பிடுகிறவர்கள் இல்லை. என்னிடம் வருகிறார்கள். காலால் பிறந்தவள் என்று ஊரில் இனி என்னைத்தான் சொல்கிறார்கள். கணுக்கால் புரண்டவர்கள், தோள் பிடித்தவர்கள், வெங்காயத் தோட்டத்தில் இடுப்புப் பிடித்தவர்கள். பெண்கள் மட்டும்தான், ஆண்களை நான் பார்ப்பதில்லை. வருகிறவர்களை வளவில், வேலியோரம் உட்கார வைக்கிறேன். உள்ளே இடம் இருக்கிறது, இருந்தாலும் வேலியோரம்தான். காலை வைக்க மாட்டேன். எலும்பை எலும்போடு கட்டுகிற நார் என்று ஒன்று இருக்கிறது என்று தொடங்குவேன். அது ஏன் வெள்ளை, ஏன் மெல்ல ஆறும், எது ஒட்டும், எது ஒட்டாது என்று அந்தச் சிங்களப் பிள்ளை எனக்குச் சொன்னபடியே சொல்வேன். வீங்கியிருந்தால், சத்தம் கேட்டிருந்தால், கால் வழுக்கினால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பேன்.

பிறகு என் காலின் கதையைச் சொல்வேன். மணலில் கால் புதைந்ததிலிருந்து, தலையணையை மடித்து வைத்தது, எண்ணெய் தடவியது, பிஸ்மில்லாஹ் சொன்னது, சத்தம், எலும்பு குந்திவிட்டது என்றது எல்லாம். ஒன்றையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. பலபேர் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். இருந்தாலும் சொல்வேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் வாளி, கதை தொடங்கியதும் பாதியில் நின்றுவிடும். கோழியை விரட்டும் சத்தமும் நின்றுவிடும். கதை கடைசி இடத்துக்கு வரும்போது நான் சற்று நிறுத்தி, மூச்சு வாங்கி, என் கூச்சத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, தகரத்துக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி சொல்வேன்: "சத்தம் கேட்ட பொறகு தெரியும்."